மெஷினுக்குள் தட்டும் சத்தம்

பாத்திரம் கழுவும் மெஷின் எழுப்பும் சத்தங்களை நான் பிரித்துக் கேட்கப் பழகியிருந்தேன். தண்ணீர் உள்ளே வரும்போது ஒரு சீறல். கழுவும்போது ஓட்டு வீட்டின் மேல் பெய்யும் மழை. அழுக்குத் தண்ணீர் வெளியேறும்போது கொடகொடவென்று ஓர் இழுப்பு. இவை தினமும் உள்ளவை. கார்த்திகையில் புதிதாக ஒன்று சேர்ந்தது. டொக், டொக், டொக். சற்று நிறுத்தம். மறுபடி டொக், டொக்.

அத்தை, அதாவது என் மாமியார், ஐப்பசியில் இறந்திருந்தார். பக்கவாதத்தில் பேச்சு போன பிறகு அவர் எங்களைக் கூப்பிட்டது ஒரு ஸ்பூனால்தான். கட்டிலின் இரும்புக் குழாயில் தட்டுவார். கோச்சடையில் எங்கள் வீடு சிறியது. எந்த மூலையிலும் கேட்கும். அந்தத் தட்டலுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மாமாவுக்கும் தெரியவில்லை என்று நினைத்தேன். ஹாலில் உட்கார்ந்திருப்பவர், சத்தம் தொடங்கியதும் எழுந்து, கைத்தடியைக்கூட எடுக்காமல், நடை வழியாக அத்தையின் அறைக்குப் போய்விடுவார். ஒருநாள் நடையில் வழுக்கி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அடுத்த முறை இடுப்பு எலும்பு என்றார் டாக்டர். சத்தத்தை எப்படியாவது நிறுத்தியாக வேண்டும்.

சர்வீஸ் ஆள் வந்தார். காலி மெஷினை ஓடவிட்டு, கதவில் காதை வைத்துக் கேட்டார்.

"ஒண்ணுமே இல்லையேக்கா. எங்க வீட்டு மிக்சி எம்புட்டு கத்தும் தெரியுமா?"

"பாத்திரம் போட்டாத்தான் தட்டுது."

"அப்ப பாத்திரத்தத்தான் ரிப்பேர் பாக்கணும்" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள், தட்டிக்கொண்டிருக்கும்போதே மெஷினை நிறுத்திக் கதவைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. அடிக்கூடையின் கம்பிகளுக்கு நடுவே சாம்பார்க் கரண்டி தலைகீழாக இறங்கியிருந்தது. காம்பின் நுனி கூடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, தண்ணீரைப் பீய்ச்சியபடி சுற்றும் பிளாஸ்டிக் கை. விரலால் அதைச் சுற்றிவிட்டேன். டொக். நம் கரண்டிகளின் நீளத்தை மனதில் வைத்து அந்தக் கூடையை யாரும் செய்யவில்லை, அவ்வளவுதான். கரண்டியை மேல்கூடையில் படுக்கவைத்தேன். சத்தம் நின்றது.

அடுத்த நாள் மறுபடி தட்டியது. கரண்டி பழைய இடத்தில் இருந்தது. அத்தை போன பின் பாத்திரங்களை அடுக்குவது மாமாவின் வேலை. அவரே கேட்டு வாங்கிக்கொண்டது.

"மாமா, கரண்டிய மேல வைங்க. அதுதான் தட்டுது."

"தெரியும்த்தா."

"தெரிஞ்சேவா வைக்கிறீங்க?"

"மொத நாளு தெரியாமத்தான் வச்சேன்."

"விழுந்து கால ஒடிச்சுக்கிட்டா யாரு பாக்குறது?"

டிவியின் சத்தத்தைக் குறைத்தார். திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னைக்கு அவ தட்டுனா. நான் இங்கனதான் உக்காந்து மேட்ச் பாத்துக்கிட்டு இருந்தேன். இந்தா வாரேன்னு சத்தங் குடுத்தேன். இந்த ஓவர் முடியட்டும்னு இருந்தேன். தட்டுறது நின்னுபோச்சு. சரி, தூங்கிட்டா போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

தூக்கத்திலேயே அமைதியாகப் போய்விட்டார் என்றுதான் மாமா எல்லோரிடமும் சொல்லியிருந்தார். பத்திரிகைக்கான இரங்கல் விளம்பரத்தை எழுதியது நான். அந்த வாக்கியம் அதில் அச்சாகி வந்தது.

"அங்க போயி என்ன செய்யிறீங்க?" என்று கேட்டேன்.

"என்ன வேணும்னு கேப்பேன். தண்ணி வடியுற வரைக்கும் நிப்பேன். அப்புறம் தட்டாது."

அந்த வாரமே ஆள் வைத்து நடைச் சுவர் நெடுகக் கைப்பிடிக் கம்பி பொருத்தினேன். திடீரென்று எதற்கு என்று கணவர் கேட்டார். "அவருக்கு வயசாகுதுல்ல" என்றேன். கரண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

போன ஞாயிறு மதியம், சாப்பிட்டு முடித்ததும் மாமா நாற்காலியிலேயே தூங்கிப்போனார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தட்டல் தொடங்கியது. விழிப்பார் என்று பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்தது. தட்டல் ஒருமுறை நின்று மறுபடி தொடங்கியது. நான் மெஷினை நிறுத்தியிருக்கலாம். அடுப்படி பக்கத்தில்தான் இருந்தது. எழுந்து அத்தையின் அறைக்குப் போனேன். மெத்தை எடுத்துவிட்ட கட்டிலின் பக்கத்தில் நின்றேன். என்ன வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. தண்ணீர் வடியும்வரை நின்றேன்.