தகப்பன் இல்லாத லாப்ஸ்டர்கள்

தொட்டி ஸ்டாண்டிலிருந்து மாமா உருவிய இரும்புக் குழாய் என் வீட்டுக்காரரின் வலது கையில் விழுந்த சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. மட்டாஞ்சேரியில் மாமாவின் அலங்கார மீன் கடை. மதிய லுஹர் தொழுகை முடிந்து ஷட்டரைத் தூக்கிய நேரம். "தின்ன வீட்டுக்கே ரெண்டகம் பண்ணுவியாடா, கள்ளா!" என்று ஒவ்வொரு அடிக்கும் கத்தினார். கல்லாவில் இருந்த நான் ஓடிப்போய்க் குறுக்கே விழுந்தேன். என் தோளிலும் ஒன்று விழுந்தது. உடைந்த தொட்டியின் தண்ணீரில் ரத்தம் கலந்து வாசல் வரை ஓடியது. பக்கத்துக் கடைக்காரர்கள் கூடி நின்று பார்த்தார்களே தவிர, ஒருத்தன் கையைப் பிடிக்கவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. அத்தா மௌத்தான பிறகு என்னை வளர்த்தவர், நிக்காஹ் செய்து வைத்தவர், என் வீட்டுக்காரருக்கு வேலை கொடுத்தவர். மீனுக்கு உடம்பில் வெள்ளைப் புள்ளி வந்துவிட்டால் சாயாகூட இறங்காது அவருக்கு. மனிதர்களிடம் மட்டும் கை நீளும். நான் பயந்துதான் வளர்ந்தேன். பாசமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தொழிலில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. புது ரகம் எதையும் ஜோடியாக விற்க மாட்டார். "ஜோடியை வெளிய விட்டா நாளைக்கு அவனும் குஞ்சு எடுத்து விப்பான்" என்பார். அப்படித்தான் சென்னையிலிருந்து ஒற்றையாக ஒரு லாப்ஸ்டர் வாங்கி வந்தார். நன்னீரில் வளர்கிற கிரேஃபிஷ்தான், ஆனால் எங்கள் வியாபாரத்தில் எல்லாரும் அதை லாப்ஸ்டர் என்றுதான் சொல்வோம். விரல் நீளம், இடுக்கிக் கால், உடம்பெல்லாம் மார்பிள் தரையில் ஓடுகிற மாதிரிக் கோடுகள். தனித் தொட்டியில் கிடந்த அது வாலுக்கடியில் முட்டை சுமந்தது. வரும்போதே சினையாக வந்திருக்கிறது என்று மாமா கடை ஆட்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். குஞ்சுகள் ஒன்றையொன்று பிய்த்துத் தின்னும். தோல் உரித்து உடம்பு மெத்தென்று இருக்கிறதைப் பார்த்தால் மற்றவை சும்மா விடாது, காலைக் கழற்றி வயிற்றைக் கிழித்துவிடும். பிழைத்தவற்றை ஆளுக்கு ஒன்று என்று நல்ல விலைக்கு விற்றோம்.

சில மாதத்தில் இடப்பள்ளியில் ஒரு கடையில் அதே லாப்ஸ்டர் தொட்டி தொட்டியாகக் குவிந்து கிடந்தது, பாதி விலைக்கு. ஒற்றையாகப் போனது எப்படிப் பெருகும்? யாரோ திருட்டுத்தனமாக ஆண் லாப்ஸ்டரைக் கொடுத்திருக்க வேண்டும். டெலிவரிக்குப் போகிறவர் என் வீட்டுக்காரர். அவ்வளவுதான் மாமாவின் கணக்கு. குழாயை உருவிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவர் கை எலும்பில் பிளேட் வைத்துத் தைத்தார்கள். பள்ளுருத்தியில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் ஆட்டோக்காரன்கூட "அந்தக் கள்ளன் வீடா?" என்று கேட்டான். பள்ளிவாசலில் அவருக்குப் பக்கத்தில் நின்று தொழ ஆட்கள் யோசித்தார்கள். வேறு எந்தக் கடையிலும் வேலை கிடைக்கவில்லை. நான்தான் மாமாவிடம் போய், "முன்வரிசைத் தொட்டியில தனியா வளர்ந்த குஞ்சும் சினையா இருக்கே, அதுக்கு ஆண் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டேன். "புருஷனைக் காப்பாத்தக் கதை கட்டுறியாடீ" என்று கன்னத்தில் அறைந்தார். அறை வாங்கின கையோடு அரிசி அளவுக் குஞ்சு ஒன்றை பாட்டிலில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுப்படியில் மூடி போட்ட வாளியில் அதை ஒண்டியாக வளர்த்தேன். கேரட் தோலும் வேகவைத்த கீரையும் போடுவேன். மூடியை நான் தவிர யாரும் தொடக் கூடாது. "பைத்தியம் பிடிச்சிருச்சா உனக்கு?" என்றார் வீட்டுக்காரர். ஆமாம், பிடித்துத்தான் இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அது வளர்ந்து, வாலுக்கடியில் குலைகுலையாக முட்டை வைத்தது. வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

மாமா கடைக்குத் தீவனம் வாங்க வருகிற, மீன் ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி இருந்தாள். என்னை அக்கா மாதிரி 'இத்தா' என்று கூப்பிடுவாள். முட்டை பொரிந்ததும் அவளிடம் தாயையும் கொஞ்சம் குஞ்சுகளையும் கொடுத்தேன். பரிசோதித்துவிட்டு வந்து, "இத்தா, இதில ஆணே கிடையாது" என்றாள். நமக்கெல்லாம் குரோமோசோம் இரண்டு செட்டாம். ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து, தலைமுறைக்குத் தலைமுறை சீட்டுக்கட்டு மாதிரிக் கலைந்து வரும். இதற்கு மூன்று செட். கலைவதே இல்லை, தாயிடம் இருக்கிற மூன்றும் அப்படியே முட்டைக்குள் இறங்கிவிடும். எப்போதோ ஒரு தாயின் கருவில் நடந்த கோளாறு. அந்த ஒருத்தியின் நகல்கள்தான் எல்லாக் கடைத் தொட்டியிலும் இருப்பவை. ஒரு செட்டில் பிழை விழுந்தால் மற்ற இரண்டும் ஓரளவு தாங்கும். ஆனால் கலந்து களைய வழியில்லாததால் பிழை பிழையாகச் சேர்ந்துகொண்டே போகும். எல்லாம் ஒரே அச்சு என்பதால், ஒன்றைக் கொல்லும் நோய் வந்தால் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போகலாம். அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் "ஆணே கிடையாது" என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

மிச்சக் குஞ்சுகள் இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துத்தான் பேசினேன். மாமா முதலில் சிரித்தார். அந்தப் பெண் பேசப் பேச முகம் கறுத்தது. அவள் முடித்ததும் ப்ளீச்சிங் பவுடர் டப்பாவை எடுத்து லாப்ஸ்டர் தொட்டிகளில் எல்லாம் கொட்டினார். துடித்து வெளியே குதித்தவற்றைச் செருப்புக் காலால் மிதித்து நசுக்கினார். அம்மா, குஞ்சு, முட்டை எதையும் விடவில்லை. கண்ணாடியைக் குத்தியதில் அவர் கையும் கிழிந்தது. அந்தப் பெண் பயந்து என் பின்னால் ஒளிந்தாள். நான் அசையவில்லை. நல்லா மிதிங்க மாமா, அதுவும் உங்களுக்கு ஒண்ணும் செய்யல என்றுதான் மனதில் ஓடியது.

இப்போது மாமா இல்லை. கடை இருந்த இடத்தில் மொபைல் விற்கிறார்கள். ஊரில் அவரைப் பற்றி நல்லதாகவே பேசுகிறார்கள், நானும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு வருவது அவர் லாப்ஸ்டர்களை மிதித்ததற்கு அடுத்த நாள் காலைதான். கையில் கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. என் வீட்டுக்காரருக்கு முன்னால் போய் நின்று, "நான் பண்ணினது பெரிய தப்புடா. அடி. உன் மனசு ஆறுற வரைக்கும் என்னை அடி" என்றார்.

அடிங்க, ஒண்ணாவது குடுங்க என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் எழுந்தார். வலது கையை மாமாவின் முகத்துக்கு நேராகத் தூக்கினார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். கை அங்கேயே நின்றது, விரல்கள் விறைத்தபடி.

"மடங்க மாட்டேங்குது, மாமா" என்றார்.