கிரிட்டிக்கல், ஆனால் ஸ்டேபிள்

அப்பா வரப்பில் மயங்கி விழுந்து, அவரைத் தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த பிறகுதான், நான் எம்.ஏ. இங்கிலீஷ் படித்தது எங்கள் சொந்தக்காரர்களுக்கு ஞாபகம் வந்தது. டாக்டர் வெளியே தலை காட்டினால் போதும், என்னை முன்னால் தள்ளிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு, ஒரே பொருள் தரும் இங்கிலீஷ் சொற்களைக் கோடு போட்டு இணைக்கச் சொல்லிக்கொடுப்பவள் நான். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா?

எங்கள் பக்கம் ஆஸ்பத்திரி இங்கிலீஷுக்குத் தனி அர்த்தம் உண்டு. ‘நார்மல்’ என்றால் போனில் விசாரித்தால் போதும். ‘சீரியஸ்’ என்றால் வீட்டுக்கு ஒருவர் பஸ் ஏறி, ஆப்பிளும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட வேண்டும். ‘கிரிட்டிக்கல்’ என்றால் வேன் பிடித்துக் குடும்பத்தோடு வர வேண்டும். வராதவர்களுக்குக் காலத்துக்கும் பேச்சு. இதில் யாருக்கும் குழப்பமே கிடையாது. அப்பாவை ‘கிரிட்டிக்கல்’ என்றார்கள். எங்கள் ஊர் ஏரியூரிலிருந்து வேன் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் டாக்டர், “கிரிட்டிக்கல், பட் ஸ்டேபிள்” என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டார்.

பெரியப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். “ஸ்டேபிள்னா என்னம்மா? வேனை அனுப்பிடலாமா, வேணாமா?”

“அப்படியேதான் இருக்காருங்க பெரியப்பா. இன்னும் மோசமாவல.”

“அப்ப நார்மலு.”

“நார்மல் இல்லீங்க.”

“தேறிட்டு வராப்லயா?”

“அப்படின்னா ‘இம்ப்ரூவிங்’னு சொல்லியிருப்பாங்களே.”

“இவ்ளோ படிச்ச புள்ள, எதுனா ஒண்ணு சொல்லும்மா” என்று சலித்துக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. செல்போனில் அந்தச் சொல்லைத் தேடினேன். நிலையான, உறுதியான, மாறாத என்று வந்தது. மலையைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. உள்ளே குழாய்களோடு கிடக்கும் அப்பாவுக்கு அதில் எதைப் பொருத்துவது?

தம்பி கேட்டதுதான் என்னை உலுக்கிவிட்டது. அவன் துபாயில் வேலை செய்கிறான். லீவு முடிந்து, அடுத்த நாள் சாயங்காலம் பெங்களூரில் விமானம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் வேலை போய்விடும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

“ஸ்டேபிள்னா நான் போவலாமாக்கா?”

போகலாம் என்றும் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் அந்தச் சொல்லில் இடம் இருந்தது. நான் போகச் சொல்லி, அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இருக்கச் சொல்லி, அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டால் இவன் பிழைப்பு என்ன ஆவது? “இரு, கேட்டுட்டு வரேன்” என்றேன்.

மத்தியானம் டாக்டரை வழிமறித்தேன். ஸ்டேபிளுக்கும் ‘அவுட் ஆஃப் டேஞ்சர்’ என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று இங்கிலீஷிலேயே கேட்டேன். அவரும் பொறுமையாக இங்கிலீஷில் விளக்கினார். ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தான். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். முடிந்தபோது முன்னைவிடக் குழம்பியிருந்தேன்.

அவர் நகரப் போனபோது என்னை அறியாமல் தமிழ் வந்துவிட்டது. “சார், என் தம்பி நாளைக்கு வெளிநாட்டுக்குப் போவணுமுங்க. போவலாமுங்களா?”

அவர் நின்று என்னைப் பார்த்தார். “வேணாம்மா. உங்க தம்பி இங்கயே இருக்கட்டும்” என்றார்.

அது உடனே புரிந்தது. அதுவரை குழப்பத்தில் இருந்ததே எவ்வளவோ நன்றாக இருந்ததாகத் தோன்றியது. படியிறங்கிக் கீழே வந்தேன்.

தம்பி வாசலில் நின்றிருந்தான். “இப்ப என்ன வார்த்தைக்கா சொன்னாரு?”

“இங்கிலீஷ்ல ஒண்ணும் சொல்லலடா. உன்னை இங்கயே இருக்கச் சொன்னாரு.”

அவன் அதற்கு அர்த்தம் கேட்கவில்லை.