கண்ணாடிக் கூடத்து வாழை

தாவரவியல் பூங்காவில் கண்ணாடிக் கூடத்தின் கதவு திறந்ததுமே ஈரமண் மணந்தது. அம்மா பழக்கத்தில் கோட்டின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

நாங்கள் லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எங்கள் அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. பள்ளி விட்டதும் அம்மா என்னை இங்கேதான் கூட்டிவருவார். யாரும் டிக்கெட் கேட்டதில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு அந்த வெக்கையில் வாழைக்குக் கீழே உட்கார்ந்து, செடிகளின் பெயர்ப்பலகைகளை எழுத்துக் கூட்டி வாசிப்போம். அம்மா ஆங்கிலம் படித்தது அப்படித்தான்.

"அக்கா, இண்டைக்கு உள்ள விட ஏலாது," என்றார் வாசலில் நின்ற தமிழ்க் காவலாளி. "கலியாணத்துக்கு வாடகைக்குக் குடுத்திட்டினம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாடகைக்குக் குடுக்க இதென்ன, அவையின்ர அப்பன் வீட்டுச் சொத்தே?"

உள்ளே எங்கள் வாழையில் மின்விளக்குச் சரம் சுற்றியிருந்தார்கள்.

"கத்தாதை பிள்ளை," என்றபடி அம்மா பொத்தான்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டினார்.