அமராவதியும் ஒரு மியூட் பட்டனும்

“இது வெளிச்சம். கூடுது, கொறையுது, சரி. இது சத்தம். இதுவும் சரி. இது என்னா, கீபோர்டுக்கு அடியில லைட்டா? எரியலையே. ஏண்டி, ஒனக்கு மட்டும் என்ன கேடு?”

அமராவதி மடிக்கணினியைத்தான் கேட்கிறார். மேல் வரிசைப் பட்டன்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டு வருகிறார். கண்ணாடி வளையல்கள் மேஜையில் இடிக்காமலிருக்க முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டு, அவை இறங்காதபடி ஒரு ரப்பர் பேண்டும் போட்டிருக்கிறார். எதிரே ஸ்டூலில் இருக்கும் ஆசாமி, தன் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டதுபோல முழிக்கிறார். வேலை செய்யாத பட்டன் கிடைத்ததும் அமராவதியின் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். எல்லாமே ஒழுங்காக ஓடும் மடிக்கணினி அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, மாவு மில்லுக்கு மேல்மாடியில் அவர் கடை. மில் ஓடத் தொடங்கினால் மேஜைமேல் வைத்த ஸ்க்ரூக்கள் ஊர்வலம் கிளம்பிவிடும். அதனால் அவற்றை ஒரு காந்தத்தில் ஒட்டி வைக்கிறார். புடவையில் மாவு படியும். கணினிகளில் படிய விடமாட்டார். பழைய வேட்டித் துண்டுகளைப் போர்த்திக்கொண்டு அலமாரியில் வரிசையாக அவை படுத்திருக்கும். எந்தக் கணினியையும் அவர் கம்பெனிப் பெயரால் அழைப்பதில்லை. எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊர்தான் அதன் பெயர். “அரிமளம் எந்திரிச்சிருச்சு, ஆனா மூடியைச் சாத்தினா தூங்க மாட்டேங்குது”, “கீரனூருக்கு ஃபேன் நிக்கவே இல்லை” என்று அவர் போனில் சொல்வதைக் கேட்டால், வெளியூர்க்காரர்கள் இது ஏதோ ஆஸ்பத்திரி என்று நினைப்பார்கள்.

வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வருபவர்கள் கொண்டுவரும் பழைய கணினிகள்தான் அதிகம். பட்டன்களில் அரபு எழுத்து இருக்கும். பழையதாகி, விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்கும். அவற்றில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை ஏற்றித் தருவது இவர் தொழில். ஏற்றுவதை யாரும் செய்துவிடலாம். தலைவலி அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாடலிலும் தன்பாட்டுக்கு ஏதாவது சில்லறை வித்தை வைத்திருக்கும். வெளிச்சத்துக்கு ஒரு பட்டன், வைஃபைக்கு ஒரு பட்டன், பேட்டரி சார்ஜாவதை முக்கால்வாசியோடு நிறுத்த ஒரு ஏற்பாடு. லினக்ஸுக்கு அது தெரிந்திருக்காது.

“பந்தி விசாரிக்கிறவரு இருக்காருல்ல, லினக்ஸுக்குள்ள அவருதான் கெர்னலு” என்பார். “அவரு கையால எதையும் போடமாட்டாரு. சாம்பார் வாளிக்கு ஒரு ஆளு, ரசத்துக்கு ஒரு ஆளு. அந்த ஆளுகதான் டிரைவரு. இந்த லேப்டாப்பு வீட்டுல மட்டும் புதுசா ஒரு பதார்த்தம் பண்ணியிருக்காங்கன்னு வைங்க. அதைத் தூக்கத் தெரிஞ்ச ஆளு வேணும்ல? இல்லைன்னா எலையில அது விழுவாது.” அந்த ஆளைத் தேடிப் பிடித்து, சொல்லிக்கொடுத்து, கிடைக்காவிட்டால் தானே எழுதி, கெர்னலுக்குள் சேர்த்துவிடுவதுதான் அமராவதியின் கைவேலை.

அடக்கம் என்ற சொல்லுக்கும் அவருக்கும் தூரம் அதிகம். “இந்த ஜில்லாவுல கெர்னலுக்குள்ள கையை விடுற ஆளு நான் ஒருத்திதான். வேற யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க, டீ வாங்கித் தர்றேன்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சவால் விடுவார். இதுவரை யாரும் வந்து டீ குடித்ததாகத் தெரியவில்லை. மாற்றம் செய்து கணினியை அணைத்துப் போட்டதும், அது மறுபடி எழுந்து வருவதைப் பார்க்க மாட்டார். வராந்தாவுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸை வேடிக்கை பார்ப்பார். “பாத்துக்கிட்டே நின்னா அதுக்குக் கூச்சம் வந்துரும்.” இத்தனை விவரமானவருக்கு இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ! கேட்டால் கோபம் வரும், நான் கேட்பதில்லை.

என் கணினியும் அங்கே அடிக்கடி போய்ப் படுக்கும் என்பதால் இதையெல்லாம் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறது. அழகுமலை முதல் தடவை வந்தபோதும் நான் இருந்தேன்.

அழகுமலைக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அறந்தாங்கிக்காரர். பி.ஏ. முடித்து வருஷக்கணக்கில் அலைந்த பிறகு, வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களின் புகாரைக் கேட்டுப் பதில் சொல்லும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. பயிற்சிக் காலம்; அதுவும் கணினி வழியேதான். திரையில் உள்ளதைக் கணினியே வாசித்துக் காட்டும். அவர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, நமக்குப் புரியாத வேகத்தில் அதைக் கேட்டு வேலை செய்வார். அவருக்கு ஒரே ஒரு குறை. பேசாத நேரத்தில் மைக்கை அடைக்கும் மியூட் பட்டன் அந்தக் கணினியில் வேலை செய்யவில்லை.

அமராவதி உட்கார்ந்தார். டிரைவரில் எதையோ மாற்றினார், அணைத்தார், வராந்தாவில் நின்றார், வந்தார், அமுக்கினார். பட்டனில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு விளக்கு எரிந்தது. “எரியுது பாருங்க!” என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அழகுமலை சிரித்துவிட்டார். “எரியுதுங்க” என்று அவருக்குப் பதிலாகச் சாட்சி சொன்னார், கூட வந்திருந்த மனைவி சின்னப்பிள்ளை. மறுபடி அமுக்கினால் அணைந்தது. கடையில் கண் உள்ள அத்தனை பேரும் விளக்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

சின்னப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த அரை நாளில் அறந்தாங்கிச் சந்தை, பஸ்ஸில் பக்கத்து சீட்காரி, மாவு மில்லின் இரைச்சல், என் சட்டையில் போயிருந்த பொத்தான் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மூச்சு விடும் இடைவெளியில்தான் மற்றவர்கள் பேச முடிந்தது.

அடுத்த வாரம் இருவரும் திரும்ப வந்தபோது அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. அழகுமலைதான் நடந்ததைச் சொன்னார். பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. டீம் லீடர் எல்லோரையும் விரட்டுவது இயர்போனைத் தாண்டியும் கேட்கிறது. அழகுமலை பட்டனை அமுக்கினார். சின்னப்பிள்ளை எட்டிப் பார்த்தார், விளக்கு எரிந்தது. நம்பி, மனசில் பட்டதைச் சொன்னார்: “இந்தாளுகூட அவன் பொண்டாட்டி எப்படித்தான் குப்பை கொட்டுறாளோ!” பயிற்சியில் இருந்த அத்தனை பேருக்கும் அது கணீரென்று கேட்டது. சிரிக்காதவர் டீம் லீடர் ஒருவர்தான். இன்னொரு தடவை வீட்டுச் சத்தம் உள்ளே வந்தால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்.

“அதுலேருந்து இவ பேசுறதில்லைக்கா. நான் வேலையில உக்காந்தா கொல்லைக்குப் போயிர்றா. வேலை முடிஞ்சாலும் ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தைதான்” என்றார் அழகுமலை. பிறகு, “இவ பேச்சை வச்சுத்தான்க்கா எனக்கு வீடு. அடுப்படி எங்கிட்டு, வாசல் எங்கிட்டு, இவ மொகம் எப்படி இருக்கு, எல்லாம் அதுலதான் தெரியும். இப்ப ஆளில்லாத வீட்டுல இருக்குற மாதிரி இருக்கு” என்றார். சின்னப்பிள்ளை வராந்தாப் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலையா, பேச்சா என்று ஒரு வீட்டைக் கேட்பது எத்தனை அநியாயம்!

அமராவதி சாக்குச் சொல்லவில்லை. கம்பெனியைத் திட்டவுமில்லை. “தப்பு என்னோடது தம்பி. காதால கேக்க வேண்டியதைக் கண்ணால பாத்துட்டேன்” என்றார். அந்தப் பெருமைக்காரர் இத்தனை சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

பிறகு என் கையில் போனைக் கொடுத்துப் பஸ் நிறுத்தத்துக்குத் துரத்தினார். மடிக்கணினியிலிருந்து அவர் பேசுவார். கேட்கிறதா இல்லையா என்று நான் கையைக் காட்ட வேண்டும். மாடி வராந்தாவில் கணினியை மடியில் வைத்துக்கொண்டு பட்டனை அமுக்கினார். விளக்கும் எரிந்திருக்கும். “சார், ஒங்க கதையை எவன் சார் படிக்கிறான்?” என்று போனில் தெளிவாகக் கேட்டது. நான் கையை உயர்த்தினேன். “கேக்குதா? அப்ப நல்லாக் கேட்டுக்கங்க” என்று தொடர்ந்து, என் எழுத்தைப் பற்றி நெடுநாளாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தார். அவை இங்கே வேண்டாம்.

நான் மேலே போனபோது, மைக்கில் விழுவது காதில் கேட்கும்படி அழகுமலை இயர்போனை மாட்டியிருக்க, அமராவதி பேனாவால் கணினியை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டிருந்தார். பட்டன் பக்கம் தட்டினார், மூடியின் கீழே தட்டினார். திரைக்கு மேல் விளிம்பில் தட்டியதும் அழகுமலை கையைத் தூக்கினார். “இங்கதான்க்கா! டொக்குன்னு விழுவுது.” அதன் பிறகு விஷயம் விளங்கியது. அந்தக் கணினிக்கு இரண்டு மைக். பக்கவாட்டில் மைக் வைத்த ஒயரைச் சொருகினால் வேலை செய்வது ஒன்று; அழகுமலையின் இயர்போனில் மைக் கிடையாது. திரைக்கு மேல் ஊசித்துளைக்குள் இருப்பது இன்னொன்று. பட்டன், யாரும் பயன்படுத்தாத பக்கவாட்டு மைக்கை அடைத்துவிட்டு, கடமை முடிந்ததென்று விளக்கைக் கொளுத்தியிருக்கிறது. மேலே இருந்ததோ சின்னப்பிள்ளையின் வாய்க்கு நேராகத் திறந்து கிடந்திருக்கிறது.

அன்று முழுக்க அமராவதி டிரைவரைப் பிரித்து மேய்ந்தார். பட்டனைப் பக்கவாட்டு மைக்கிலிருந்து அவிழ்த்து மேல் மைக்கோடு முடிச்சுப் போட வேண்டும்; மைக் நிஜமாக அடைபட்டால் மட்டும் விளக்கு எரிய வேண்டும். முதலில் மாற்றியதில் இரண்டு மைக்கும் ஒரேயடியாகப் படுத்துவிட்டன. அடுத்ததில் கணினியே எழுந்திருக்கவில்லை. “அறந்தாங்கி, என்னைய அசிங்கப்படுத்தாத” என்று கெஞ்சினார். பழைய கெர்னலை வைத்து அதை எழுப்பி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். வெயில் தாழும்போது நான் மறுபடி பஸ் நிறுத்தத்தில் நின்றேன். மாடியில் அமராவதியின் வாய் அசைந்துகொண்டே இருந்தது, கை என்னை நோக்கி நீண்டு நீண்டு எதையோ சொன்னது. போனில் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு இனிமையாக அவர் என்னிடம் பேசியதே கிடையாது.

அதோடு விடவில்லை. விளக்கால் அழகுமலைக்கு என்ன பயன்? மைக் அடைபட்டால் அவர் காதில் கனத்த குரலில் ஒரு ‘டொம்’, திறந்தால் மெல்லியதாக ஒரு ‘டிங்’ கேட்கும்படி செய்தார். அழகுமலை அமுக்கி அமுக்கிக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் தோள்கள் இறங்கின.

ஆனால் சின்னப்பிள்ளை நம்பவில்லை. ஊருக்குப் போன பிறகும் கொல்லையில்தான் உட்கார்ந்திருந்தார். “லைட்டு எரியுதுன்னுதான் அன்னிக்கும் சொன்னாக. இன்னிக்கு டொம்முங்குறாக. நான் பேசி அவுக வேலை போச்சுன்னா அந்தப் பாவத்தை நான் எங்கிட்டுக் கொண்டுபோயி வைக்கிறது?” என்றாராம். அழகுமலை போனில் சொன்னதைக் கேட்ட அமராவதி, கடைக் கதவைச் சாத்தினார். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதெல்லாம் டிவி மெக்கானிக் வேலை என்று ஏளனம் செய்பவர் அவர். “கெளம்புங்க சார், ஒரு காது கூட வேணும்” என்று என்னையும் அறந்தாங்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

நாங்கள் போனபோது பயிற்சி ஓடிக்கொண்டிருந்தது. அழகுமலை இயர்போனின் ஒரு பக்கத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். டீம் லீடரின் குரல் கேட்டது. அமராவதி கொல்லைக்குப் போய், சின்னப்பிள்ளையைக் கையோடு பிடித்து வந்து கணினிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். அந்தப் பெண் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் மட்டும் கணவர் முகத்திலேயே இருந்தது.

“தம்பி, என்னைய நம்புறியா?” என்றார் அமராவதி, அவர் காதருகில் குனிந்து, மூச்சுக்காற்றில்.

அழகுமலை விரலால் தடவிப் பட்டனைக் கண்டுபிடித்து அமுக்கினார். என் காதிலும் ‘டொம்’ என்று விழுந்தது. “எனக்குக் கேட்டுருச்சுக்கா. நீங்க என்ன பண்ணணுமோ பண்ணுங்க” என்றார், சாதாரணக் குரலில்.

அமராவதி திரைக்கு மேலிருந்த ஊசித்துளைக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனார். முளைப்பாரி தூக்கி வரும்போது அம்மன் வாசலில் போடுவார்களே, அப்படி ஒரு குலவையை அடிவயிற்றிலிருந்து எழுப்பினார். ஓட்டு வீடு அதிர்ந்தது. பக்கத்து வீட்டம்மாள் என்ன விசேஷமென்று ஜன்னலில் வந்து நின்றார். என் காதில் டீம் லீடர், வாடிக்கையாளரிடம் எப்போதும் தணிந்த குரலில் பேச வேண்டும் என்று எந்தத் தடங்கலுமின்றிச் சொல்லிக்கொண்டே போனார். அமராவதி ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மறுபடி குலவை போட்டார்; போட்டபடியே, சின்னப்பிள்ளையின் வாய்மேலிருந்த கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.