இருக்கேன் மேடம்

மேகலா விடுதி அறையில் இல்லாதபோது, அவளுடைய குரலில் "இருக்கேன் மேடம்" என்று சொன்னவள் நான்தான்.

அவளைக் காப்பாற்ற வந்த ஒரே தொலைபேசி அழைப்பை அந்த இரண்டு சொற்களால் திருப்பி அனுப்பியவளும் நான்தான். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இல்லை... சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதையும் சொல்கிறேன். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். கடைசிவரை கேட்டால் போதும்.

என் பெயர் பவித்ரா. ஊர் காடாம்புலியூர். சிதம்பரத்தில் பொறியியல் சேர்ந்தபோது எனக்கு வாய்த்த அறைத்தோழி மேகலா. கடலூர் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவர் கிராமத்துப் பெண். அப்பா படகுக்குப் போகிறவர். அம்மா கூடை வைத்து மீன் விற்கிறவர். மகள் எஞ்சினியராகிவிட்டாள் என்றே ஊரில் பாதிப் பேரிடம் அந்த அம்மா சொல்லி வைத்திருந்தார்.

வகுப்பில் தோழிக்காக ப்ராக்ஸி கொடுக்காதவர் உங்களில் யாராவது உண்டா? கை தூக்குங்கள் பார்ப்போம்! எங்கள் ஆசிரியர் பெயரைப் படிக்கும்போது தலை நிமிரவே மாட்டார். குரல் வந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம். மற்றவர்கள் கொடுக்கும் ப்ராக்ஸி, மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும். நான் கொடுத்தால் அது மேகலாவேதான். அந்த லேசான கம்மல், கடைசி எழுத்தை விழுங்கும் அந்த அவசரம்... எல்லாம் எனக்கு அத்துப்படி.

ஒருநாள் அவள் வகுப்பில் இருக்கும்போதே விளையாட்டாக முந்திக்கொண்டு "எஸ் சார்" என்றேன். பதில் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். என் பக்கம் குனிந்து, "ஏய்... நான் சொல்லிட்டேனா இல்லியாடி?" என்று கேட்டாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஆண்டில் இருவருக்குமே அரியர் விழுந்தது. நான் அழுதேன், கத்தினேன், பரோட்டா தின்றேன். மேகலா ஒன்றும் செய்யவில்லை. புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வந்தாள். தட்டைப் பார்த்தாள். எழுந்து போய்விட்டாள்.

சாயங்காலம் மீன் விற்று வீடு திரும்பியதும் அவள் அம்மா போன் செய்வார். கேள்விகள் மாறவே மாறாது. "சாப்ட்டியா? இன்னா கொழம்பு? படிக்கிறியாம்மா?" கடைசிக் கேள்வி வரும்போது மேகலா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படி ஒரு மாலையில் மணி அடித்துக்கொண்டிருந்த போனை என் கையில் திணித்தாள்.

"நீ பேசுடி. என்னால முடில. எங்கம்மாக்கு என் கொரலு கேட்டா போதும்."

பேசினேன். சாம்பார் என்றேன், நன்றாகப் படிக்கிறேன் என்றேன், அம்மாவையே கொஞ்சம் கிண்டல்கூடச் செய்தேன். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "இன்னிக்குத்தான் கண்ணு உன் கொரலு தெளிவா இருக்குது" என்றார். மேகலா பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது உண்மையிலேயே வெட்கப்பட வேண்டியதைச் சொல்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது! மேகலாவாகப் பேசிய அந்தச் சில நிமிடங்களில் பவித்ராவுக்கு அரியர் இல்லை, அப்பாவின் அதட்டல் இல்லை, நெஞ்சில் எப்போதும் அழுத்திக்கொண்டிருந்த பாரம் இல்லை. எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா! அடுத்த நாள் அவள் கேட்காமலே போனை எடுத்தேன். அதற்கடுத்த நாளும்... தோழிக்கு உதவி செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நான் பேசப் பேச அவள் பேச்சு குறைந்தது. முதலில் போனில், பிறகு வகுப்பில், பிறகு என்னிடமும். தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைக் காட்டுவாள். விளக்கை அணைக்க வேண்டுமென்றால் விளக்கைப் பார்ப்பாள். நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நானோ மாலை எப்போது வரும் என்று காத்திருந்தேன்!

மழைக்காலம் தொடங்கியது. மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றிப் பேச ஒருவரைக் கல்லூரிக்கு அழைத்திருந்தார்கள். எல்லாரும் கட்டாயம் வர வேண்டும் என்று அறிவிப்பு. நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது, வெகு நாட்களுக்குப் பிறகு மேகலா வாய் திறந்தாள்.

"நான் வரலடி. செத்த வெளில போயிட்டு வரேன். மூச்சு வுடணும்போல இருக்குது."

போனை என் தலையணைமேல் வைத்தாள். "அம்மா பண்ணா பேசிடு" என்றாள். குடையை எடுக்காமலே போனாள். நான் தடுக்கவில்லை. எங்கே என்றுகூடக் கேட்கவில்லை.

அரங்கத்தில் அந்தப் பேச்சாளர், வாழ்க்கையில் சமநிலை எப்படி வரும் என்று விளக்குவதற்காக எங்களை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். அத்தனை பேரும் கொக்குகளைப்போல நின்று தள்ளாடிச் சிரித்தோம். பிறகு கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொன்னார். வருகைப் பதிவு கடைசியில். "மேகலா" என்றார்கள். "எஸ் சார்" என்றேன்.

மன அழுத்தத்துக்கு மருந்து சொல்லும் கூட்டத்தில், அதனாலேயே ஓடிப்போனவளுக்கு நான் ப்ராக்ஸி கொடுத்துக்கொண்டிருந்தேன்!

அன்று அவள் திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன்... பொய்! அவள் ஊருக்குப் போகவில்லை என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். அவள் அம்மா தினமும் என்னிடம்தானே பேசிக்கொண்டிருந்தார்!

ஏன் வெளியே சொல்லவில்லை? பயம். ப்ராக்ஸி வெளிப்பட்டால் இருவரையுமே பரீட்சை எழுத விடமாட்டார்கள். அப்பாவுக்கு என்ன பதில் சொல்வேன்? இதோ வந்துவிடுவாள், நாளைக்கு வந்துவிடுவாள் என்று கதவையே பார்த்துக்கொண்டு, வகுப்பில் அவளாகவும் நானாகவும் இரண்டு முறை பதில் சொன்னேன்.

அப்புறம் அந்த மாலை.

கதவைத் தாழிட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். வராந்தாவில் வார்டன் போனைக் காதில் வைத்தபடி பேசிக்கொண்டே வருவது கேட்டது. குமராட்சிப் பக்கத்திலிருந்து யாரோ கூப்பிட்டிருந்தார்கள். கொள்ளிடக் கரையில் ஒரு பெண் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். எது கேட்டாலும் பேசவில்லையாம். தோள்பையில் எங்கள் கல்லூரியின் பெயர் இருக்கிறதாம். "இருங்க சார், எங்க பொண்ணான்னு பாத்துச் சொல்றேன்" என்றபடி ஒவ்வொரு கதவாகத் தட்டி, பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டு வந்தார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்ட அந்த நொடியே தெரிந்துவிட்டது!

எங்கள் கதவு தட்டப்பட்டது. "பவித்ரா?"

"இருக்கேன் மேடம்."

"மேகலா?"

எழுந்து தாழ்ப்பாளைத் திறந்தால் போதும். ஒன்றுமே பேசாமல் சும்மா இருந்தால்கூடப் போதும்! நான் சும்மாதான் இருந்தேன் என்று சில நாள் தோன்றுகிறது. உதடுகளைப் பிரித்ததாக எனக்கு நினைவே இல்லை. ஆனால் அறைக்குள் அந்தக் குரல் எழுந்தது. லேசான கம்மல், கடைசி எழுத்தை விழுங்கும் அவசரம்...

"இருக்கேன் மேடம்."

இப்படிச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கிறேனோ? இருக்கலாம். என் தொண்டையைத் தவிர அந்த அறையில் வேறு தொண்டை இல்லை.

"எங்க பொண்ணுங்க எல்லாரும் இருக்காங்க சார். வேற யாராவதா இருக்கும்" என்று போனில் சொல்லியபடி வார்டன் நகர்ந்து போனார்.

கொஞ்ச நேரத்தில் அவள் அம்மாவின் போன். "மழ ஜாஸ்தியா இருக்குதாமே. நனையாதம்மா."

"நனையலம்மா. ரூம்லதான் இருக்கேன்" என்றேன்.

கொள்ளிடத்தில் அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஏறியது. கரையிலிருந்து எழுந்து எங்கெங்கோ நடந்தவளை, வெள்ளம் புகுந்த வயலின் வரப்பில் காய்ச்சலோடு கண்டெடுத்தார்கள், வேலைக்குப் போன பெண்கள். நனைந்துபோன அடையாள அட்டையைப் பார்த்துப் போலீஸ் அவள் வீட்டுக்குச் சொன்னது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் பேச்சு வரவில்லை.

வார்டன் அந்த அழைப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. அவருக்கும் பயம் இருந்திருக்கும். பதிவேடுகளில் மேகலா எல்லா நாளும் கல்லூரியில் இருந்தாள், எல்லா மாலையும் விடுதியில் இருந்தாள். நான் அவள் பெட்டியைக் கட்டிக் கொடுத்தபோது போனையும் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் எத்தனை நாளாகப் பேசவில்லை என்று டாக்டர் கேட்டார். அவள் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்.

"முந்தா நேத்துகூட நல்லா பேசுனா டாக்டர்! நனையலம்மான்னு சொன்னா! கொரலக் கேட்டும் எனக்குத் தெரியலியே... நான்லாம் ஒரு தாயா?"

நான் அவருக்குப் பக்கத்தில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருக்கு ஆறுதலாக! அப்போதும் சொல்லவில்லை.

மேகலாவை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். அவள் கூடத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் தெருவை. அவள் அம்மா பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். ஏதோ வேலை நினைப்பில், பழக்கதோஷத்தில், உரக்கக் கூப்பிட்டார்.

"மேகலா!"

அவள் திரும்பவில்லை.

"இன்னாம்மா?" என்றது என் வாய்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் நினைத்துச் செய்யவில்லை! பின்கட்டில் பாத்திரம் உருண்டது. ஈரக் கையோடு ஓடிவந்த அந்த அம்மா மகளின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "பேசிட்டியாடி! எங்கண்ணு பேசிடுச்சே!" அவள் கன்னத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது. தாயின் தோளுக்கு மேலாக மேகலா என்னையே பார்த்தாள்.

அன்று கோயிலில் கற்பூரம் ஏற்றினார்கள். அக்கம்பக்கத்தாருக்கு எல்லாம் சர்க்கரைப் பொங்கல். எனக்கு இரண்டு கரண்டி. "நீ வந்த நேரம்மா. வாரா வாரம் வந்துடு" என்றார் அந்த அம்மா. சாப்பிட்டேன்.

வாரா வாரம் போகிறேன். ஒரு முறையாவது அந்த அம்மா கூப்பிடுவார், அந்தக் குரல் பதில் சொல்லும். நான் வரும் நாளில் மட்டும்தான் மகள் பேசுகிறாள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். "இனிமே மருந்து எதுக்கு?" என்று டாக்டரிடம் காட்டுவதையும் நிறுத்திவிட்டார். கேட்டீர்களா? நிறுத்திவிட்டார்!

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. போன மாதம் அப்பாவுக்குப் போன் செய்தேன். "அப்பா" என்றேன். அவர் கொஞ்சம் தயங்கி, "யாரும்மா பேசறது? பவித்ரா பக்கத்துல இருந்தா குடு" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் அழைத்துப் பார்த்தேன். அதே கம்மல். அதே அவசரம். போனை வைத்துவிட்டேன். என் பழைய குரல் எப்படி இருக்கும் என்பது எனக்கே மறந்துகொண்டு வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, சொல்லியே தீர்வது என்று முடிவெடுத்துக் கடலூர் பேருந்தில் ஏறினேன். பரீட்சை போகட்டும், போலீஸ் வரட்டும். அவளை மறுபடியும் டாக்டரிடம் காட்ட வேண்டும், அதற்கு உண்மை தெரிய வேண்டும். வழியெல்லாம் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

கூடத்தில் அந்த அம்மா மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தார். நான் மேகலாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னேன்.

"அம்மா, போன்ல பேசுனது நான்தாம்மா. என்னை மன்னிச்சிடும்மா."

மேகலாவின் குரலில்...

சீப்பு ஒரு கணம் நின்றது. பிறகு அந்த அம்மா முன்னால் சாய்ந்து மகளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார்.

"தெரியும்டி கண்ணு. உன் கொரலு எனக்குத் தெரியாதா? நீதான் பேசுன. அழாத."

அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். அது எதற்காக என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

மேகலா மெல்ல என் பக்கம் திரும்பினாள். அவள் வாய் திறந்தது. சத்தமே இல்லாமல் உதடுகள் மட்டும் அசைந்தன. நான் படித்துவிட்டேன். அன்று வகுப்பில் கேட்டு நாங்கள் சிரித்த அதே கேள்வி. நான் சொல்லிட்டேனா இல்லியாடி?

அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் யாருடைய குரலும் குறுக்கே வராது என்று நம்பி உங்களிடம் வந்திருக்கிறேன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

அன்று பின்னல் முடிந்ததும் ரிப்பனைக் கட்டிக்கொண்டே அந்த அம்மா கேட்டார். "பவித்ரா, அடுத்த ஞாயித்துக்கெழமையும் வந்துடுவல்ல?"

"வந்துடறேம்மா" என்றேன், அதே கம்மலில்.

அவர் மகளின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.