முத்தையா விளையாடிய பத்து ஆட்டங்கள்

ஓகஸ்ட் மாதத் திங்கட்கிழமைகளில் எங்கள் அலுவலகத் தேநீர் அறையில் ஒரு விசித்திரமான நலவிசாரிப்பு நடக்கும். "நீங்கள் இன்னும் உயிரோடு இருக்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்பார். "கணக்குப்படி உயிரோடுதான் இருக்கிறோம்" என்று மற்றவர் பெருமூச்சு விடுவார். சிட்னிக்கு வந்த புதிதில் ஏதோ தொற்றுநோய் பரவுகிறதாக்கும் என்று என் கதிரையை ஒரு முழம் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவரவர் ஆதரிக்கும் அணிக்கு இறுதிச் சுற்றுக்குள் நுழைய இன்னும் வழியிருக்கிறதா என்பதுதான் கேள்வி என்று பிறகு விளங்கியது. நாங்கள் வெல்லவேண்டும், பக்கத்து அணி தோற்கவேண்டும், மூன்றாவது அணி மழையில் சமநிலையில் முடிக்கவேண்டும். அப்படியானால் எட்டாம் இடம்; உள்ளே நுழைய அது போதும். பக்கத்து மேசை கிரெக்குக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் அடுத்தவன் தோற்கவேண்டும் என்று அவன் உருகுவதைப் பார்த்தால் எந்தச் சாமியும் இறங்கி வந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் அறிந்த உதைபந்தாட்டத்தில் இந்தக் கூட்டல் கழித்தல் இல்லை. தோற்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இங்கே அப்படியல்ல. பட்டியலில் மேலே நிற்பவன் இறுதிச் சுற்றில் ஒருதரம் தோற்றாலும் மறுவாரம் இன்னொரு ஆட்டம் கொடுக்கிறார்கள். கீழே நிற்பவனுக்குத்தான் ஒரே தோல்வியில் சங்கதி முடிகிறது. இதில் எனக்கு முறையிட எதுவுமில்லை. நானே புள்ளி எண்ணி இந்த நாட்டுக்குள் வந்தவன். வயதுக்கு இத்தனை, படிப்புக்கு இத்தனை, ஆங்கிலத்துக்கு இத்தனை என்று கூட்டிப் பார்த்தபோது கோட்டுக்கு மேலே மயிரிழையில் நின்றேன். இன்னொரு பிறந்தநாள் முந்தி வந்திருந்தால் கொழும்பிலேயே நின்றிருப்பேன்.

லிட்கம் பக்கத்துப் பூங்கா ஒன்றில், முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை லீக்கில் எங்களுக்கும் ஓர் அணி இருந்தது. பத்து அணிகள். வழக்கமாக முதல் நாலு அணிகள்தான் இறுதிச் சுற்றுக்குப் போகும். அந்த வருடம் அதை ஆறாக்கினார்கள். "நாலாக இருந்தபோது ஒரு தரம் இருந்தது. இப்போது யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்" என்று கிரெக் தேநீர் அறையில் கவலைப்பட்டான். இந்த வசனத்தை வேறொரு விஷயத்தில் நான் முன்பும் கேட்டிருந்தபடியால் பிஸ்கட்டை மட்டும் கடித்தேன். நாங்கள் ஆறாம் இடத்தில் முடித்தோம். ஏழாவது அணிக்கும் எங்களுக்கும் புள்ளி சமன். அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்துப் பார்த்ததில் ஒரே ஒரு கோல் எங்கள் பக்கம். அந்த ஒரு கோலைத் தடுத்தவன் யோகன், எங்கள் கோல் காப்பாளன்.

யோகநாதன் என்ற யோகனுக்கு அப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் வேலை. பதினெட்டு ஆட்டங்களில் பத்துக்குத்தான் வர முடிந்தது. முழங்காலில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குப் பிறகு விளையாடுவதைப் பற்றிப் பேசவேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். எண்பத்து மூன்று ஜூலையில் அவனுடைய பள்ளிக்கூட அணி ஓர் இறுதியாட்டத்துக்கு வந்திருந்தது. சப்பாத்தைக்கூடத் துடைத்து வைத்திருந்தானாம். அந்த வாரம் நாடு எரிந்தது, ஊரடங்குச் சட்டம் வந்தது, ஆட்டத்தைப் பின்போட்டார்கள். இன்றைக்கும் அது பின்போடப்பட்டபடியே இருக்கிறது. ஆகவே ஆறாம் இடம் கிடைத்த அன்று மற்றவர்கள் கத்த, அவன் மட்டும் கோல் கம்பத்தைப் பிடித்தபடி நின்றான். "டேய், செக்ரட்டரியார், கடதாசி எல்லாம் சரிதானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். "எல்லாம் சரி" என்றேன்.

சரியில்லை. வியாழக்கிழமை லீக்கிலிருந்து கடிதம் வந்தது. இறுதிச் சுற்றில் விளையாடும் ஒருவர் அந்தப் பருவத்தில் குறைந்தது ஆறு ஆட்டங்கள் விளையாடியிருக்கவேண்டும்; எங்கள் கோல் காப்பாளர்கள் இருவருமே தலைக்கு ஐந்துதான் விளையாடியிருக்கிறார்கள் என்றது கடிதம். எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு கோல் காப்பாளன்.

தவறு என்னுடையது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெயர்த்தாள் நிரப்புவது நான். யோகனின் பதிவு அட்டை பிந்தித்தான் வந்தது. அதுவரை ஊரில் எழுதுகிற மாதிரித் தகப்பன் பெயரை முன்னால் வைத்து, "முத்தையா யோகநாதன்" என்று ஐந்து வாரம் எழுதினேன். அட்டை வந்தது. பாஸ்போட்டில் உள்ளபடி முத்தையா குடும்பப் பெயராகிப் பின்னால் நின்றது. ஒழுங்கான குடிமகனாக அடுத்த ஐந்து வாரமும் "யோகநாதன் முத்தையா" என்று எழுதினேன். கடைசிப் பெயரை மட்டும் பார்க்கும் லீக்கின் கம்ப்யூட்டரில் திருவாளர் யோகநாதன் ஐந்து ஆட்டம், திருவாளர் முத்தையா ஐந்து ஆட்டம். அவன் விளையாடாவிட்டால் கோலுக்குள் நிற்கவேண்டியவன் நான். என் உயரமும் வயிறும் தெரிந்தவர்களுக்கு நிலைமையின் பயங்கரத்தை விளக்கவேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை விசாரணைக்கு அழைத்தார்கள். மறுநாள் ஆட்டம். பூங்காக் கட்டடத்தில் ஒரு மேசை, பின்னால் தலைவர் ரொன், பதிவாளர் மார்கிரட் அம்மையார். யோகன் இரவு ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"இந்த முத்தையா யார்?" என்று ரொன் கேட்டார்.

"அவருடைய தகப்பனார்" என்றேன், உண்மையே துணை என்ற நம்பிக்கையில்.

"அவரும் உங்கள் அணியில் விளையாடுகிறாரா?"

"இல்லை, அவர் காலமாகிப் பத்துப் பதினைந்து வருடம்."

ரொன் பேனையைக் கீழே வைத்தார். "அப்படியானால் இறந்துபோன ஒருவரின் பெயரில் ஐந்து ஆட்டம் ஆடியிருக்கிறீர்கள்."

வெளியாளை வேறு பெயரில் இறக்கினால் புள்ளி வெட்டுவார்கள். புள்ளி வெட்டினால் ஆறாம் இடமும் இல்லை. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, தகப்பன் பெயரைத்தான் சேர்த்துக்கொள்வோம் என்று விளக்கத் தொடங்கினேன். யோகனின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் முத்தையா என்று கூப்பிடுகிறார்கள், அவன் மனைவிக்கு வரும் கடிதங்களில் திருமதி முத்தையா என்று மாமியாரின் பட்டம் இருக்கிறது என்றெல்லாம் சொல்லச் சொல்ல ரொன்னின் முகத்தில் ஒரு பெரிய மோசடிக் கூட்டத்தைப் பிடித்த களை வந்தது. யோகன் என் காலை மிதித்தான். "மச்சான், வாயை மூடு. நீ கதைக்கக் கதைக்க ஆள் கூடுது" என்றான்.

மார்கிரட் அம்மையார்தான் காப்பாற்றினார். பத்துப் பெயர்த்தாள்களையும் மேசையில் பரப்பி ஒவ்வொன்றிலும் கோல் காப்பாளன் போட்டிருந்த கையெழுத்தைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பத்தும் ஒரே கிறுக்கல். பிறகு யோகனை நிமிர்ந்து பார்த்து, "எனக்கு ஒரு பெயர்தான் வேண்டும். எதை வைத்திருக்கப் போகிறீர்கள்?" என்றார்.

யோகன் மேசையைக் குனிந்து பார்த்தான். அவனுடைய அட்டை மேசையில் கிடந்தது. அதில் எந்தப் பெயர் கடைசியில் நிற்கிறதோ அதுதான் செல்லும் என்று எல்லோருக்கும் தெரியும். "முத்தையா" என்றான் கடைசியில். அம்மையார் அடிமட்டம் வைத்து மற்றப் பெயரை ஐந்து தாளிலும் சிவப்பு மையால் வெட்டினார். பத்து ஆட்டங்களும் முத்தையாவின் கணக்கில் ஏறின.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் யோகன் சிரிக்கத் தொடங்கினான். "அப்பு ஒரு நாளும் என்ர மட்ச் பாக்க வந்ததில்லை. பந்தை வெட்டிக் கிணத்துக்குள்ள போட்ட மனுசன். இப்ப பார், பத்து மட்ச் விளையாடிப்போட்டார்." அவர் செத்தபோது சண்டையால் ஊருக்குப் போகும் பாதை மூடியிருந்தது, யோகன் செத்தவீட்டுக்குப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே நானும் சிரித்தேன்.

ஞாயிறு ஆட்டத்தின் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். ஆறாம் இடத்துக்காரருக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடையாது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது ஆட்டம் தொடங்குவதற்கு முந்திய நிமிடம். வழக்கப்படி எதிரணி மனேஜர் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஆட்களை வரிசையாகப் பெயர் கூப்பிட்டான். பத்துப் பேரும் "யெஸ்" என்று கை தூக்கினார்கள். பதினோராவதாக, "முத்தையா?" என்றான். யோகன் முழங்காலில் பட்டி சுற்றியபடி வரிசையின் கடைசியில் நின்றான். "முத்தையா?" என்று மறுபடி கூப்பிட்டான். யோகன் கோட்டுக்கு வெளியே, எங்கள் பெண்களும் பிள்ளைகளும் குளிருக்கு ஒடுங்கி நின்ற பக்கம் ஒருதரம் தலையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு கையுறை போட்ட கையை உயர்த்தி, "ஓம், நிக்கிறார்" என்று தமிழில் சொன்னான். அந்த மனேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அட்டையிலிருந்த படத்தையும் ஆளையும் ஒத்துப் பார்த்துவிட்டு ஒரு சரி போட்டான். யோகன் கோலை நோக்கி நொண்டி நொண்டி ஓடினான்.