ஊருக்கு ஒரு ஜன்னல்

பந்தை வலைக்குள் அடிப்பதுதான் அவள் கணவனுடைய பிழைப்பு. மூன்றாம் டிவிஷன் கால்பந்தில் எந்தக் கிளப் கூப்பிட்டாலும் ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவான். வருடம் முடிந்ததும் அவர்கள் கையை விரித்துவிடுவார்கள். உடனே மூட்டை கட்ட வேண்டும்.

வீடு மாறுவதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஜன்னல்கள்தான் அவள் உயிரை வாங்கின. முதல் ஊரில் ஆசையாக வாங்கிய திரை அடுத்த ஊர் ஜன்னலுக்குப் பாதிதான் எட்டியது. கீழே நீலத் துணியை ஒட்டுப் போட்டாள். அதற்கடுத்த ஊரில் அகலம் போதவில்லை. பழைய போர்வையைக் கிழித்துச் சேர்த்தாள். இந்த ஊரிலோ அது தரையைப் பெருக்கியது. பல மாதம் பெருக்கவிட்டு, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மடித்துத் தைத்து, ஸ்டூலில் ஏறி மாட்டினாள்.

முழங்காலில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்த கணவன் மெல்ல வாயைத் திறந்தான். முந்தின நாள்தான், கோல்கீப்பர் விழுந்து கிடக்க, ஆளில்லாத கோலுக்கு மேலே பந்தைப் பறக்கவிட்டிருந்தான்.

“ஏஜென்ட் பேசினார். அடுத்த வருஷம் என்னை வச்சுக்க மாட்டாங்களாம். வேற ஊர்ல ஒரு கிளப் கேக்குதாம்.”

“இப்பத்தானேங்க தைச்சு முடிச்சேன்!”

“நான் என்ன பண்றது? வருஷா வருஷம் புது ஊரு, புது கிரவுண்டு, புது ஆளுங்க. பழகறதுக்குள்ள துரத்திடறாங்க. அப்புறம் எப்படிக் கோல் விழும்?”

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ஊருக்கு ஊர் மாறுறது என் ஜன்னல்ங்க. உங்க கோல்போஸ்ட் எல்லா ஊர்லயும் ஒரே அளவுதானே?”